ஊரடங்கு நேரத்தில் வெகுதூரம் போய் நாய்க்குட்டியைக் கூட்டி வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, நாங்கள் சொல்லிவைத்திருந்த குட்டி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. எட்டு வாரம் ஆனதும் போய்க் கூட்டி வருவதாகப் பேச்சு. வளர்ப்பவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏழு மணி நேரத் தொலைவு. கடைசியில் பதினோராவது வாரத்தில்தான் போக முடிந்தது. அதற்குப் பிறகு, இதே நிலையில் மாட்டிக்கொண்ட பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பயணக் கட்டுப்பாடு நாட்டுக்கு நாடு வேறு, சில சமயம் வாரத்துக்கு வாரம் வேறு. ஆனால் குட்டி வளரும் கணக்கு எங்கேயும் ஒன்றுதான். அது எந்த ஊரடங்குக்காகவும் நின்று காத்திருக்காது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கை வைத்துச் சொன்னவைதான்.

கட்டுப்பாடு இருக்கும்போது கிளம்பலாமா, தளரும் வரை பொறுப்பதா?

பயணத்துக்கு அனுமதி இல்லை என்றால் கிளம்ப வேண்டாம். நடுவழியில் தடுத்துத் திருப்பி அனுப்பினால், போகும்போது என்றால் உங்களுக்கு அலைச்சலோடு போயிற்று. திரும்பும்போது என்றால் மடியில் ஒரு குட்டி இருக்கும். விலங்குகளின் தேவைக்கான பயணத்தைச் சில இடங்களில் அத்தியாவசியம் என்று ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் மாட்டார்கள். கிளம்பும் ஊர், போய்ச் சேரும் ஊர், நடுவில் கடக்கும் எல்லைகள் என மூன்றையும் விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கி, தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் கைபேசியில் சார்ஜ் இல்லாமல் நிற்கக் கூடாது.

இரண்டு வீட்டில் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், இருமல் என்றாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

எட்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் குட்டி நம்மோடு ஒட்டாது என்கிறார்களே?

ஒட்டும். ஆனால் இந்தப் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்க்குட்டிகளைப் பிறந்ததிலிருந்து கவனித்தார்கள். சுமார் 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம் என்பது அங்கே தெளிவானது. அந்த வாரங்களில் பார்த்த, கேட்ட, மோந்த எல்லாம் அதற்குப் 'பழகியவை' ஆகிவிடும். அதற்குப் பிறகு புதிதாக வருபவை மேல் சந்தேகம்தான் முதலில் வரும். 14 வாரம் வரை மனிதரோடு பழகவே விடாமல் வளர்த்த குட்டிகள், பிறகு மனிதரைக் கண்டாலே விலகி ஓடின.

ஆக, கேள்வி 'எத்தனை வாரத்தில் கூட்டி வருகிறோம்' என்பதில் இல்லை, கூடுதலாகக் காத்திருக்கும் வாரங்கள் குட்டிக்கு எப்படிக் கழிகின்றன என்பதில் இருக்கிறது. பின்கட்டில் கூண்டுக்குள் கழிந்தால் நட்டம். வீட்டுக்குள், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் கழிந்தால் அது லாபம் என்றே சொல்வேன்.

எங்களுக்கு வாய்த்த வளர்ப்பாளர் அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். குட்டியைத் தினம் கொஞ்ச நேரம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா, மிக்ஸி சத்தம், கதவு மணி, இடிச் சத்தப் பதிவு எல்லாம் மெல்லிய ஒலியில் கேட்கவிட முடியுமா, ஓலைப்பாய், வழுக்கும் தரை, புல் என்று பலவற்றின் மேல் நடக்கவிட முடியுமா, நின்றிருக்கும் காருக்குள் ஐந்து நிமிடம் உட்காரவைக்க முடியுமா என்று. அவர் இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். மீதியையும் செய்தார். நல்ல வளர்ப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கூடுதல் வாரங்களுக்கான தீனிச் செலவை நீங்களே தருவதாகச் சொல்வதுதான் நியாயம். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

'மறுபடி ஊரடங்கு வரும் போலிருக்கிறது, ஆறு வாரத்திலேயே கொண்டுபோய்விடுங்கள்' என்கிறார் வளர்ப்பவர். போகலாமா?

வேண்டாம். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை, ஒரே ஈத்துக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று தெரிந்துகொள்கின்றன. தாய் உறுமி விலக்குவதும் பாடம்தான். அந்தப் பாடத்தை நாம் வீட்டில் நடத்தினால் நம் கை விரல்கள்தான் விலை. ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது சட்டப்படியே தவறு. பெருந்தொற்று அந்தக் காரணத்தை மாற்றவில்லை.

நேரில் போய்ப் பார்க்காமல் வளர்ப்பவரை எப்படி நம்புவது?

ஊரடங்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் நாய்க்குட்டி தேடியதால், குட்டியே இல்லாமல் படத்தை மட்டும் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் பெருகினார்கள். என் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் அப்படி ஏமாந்தார். முன்பணம் போனது ஒரு பக்கம். வராத குட்டிக்குப் பேர் வைத்து, படுக்கை தைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுப் பிள்ளைகளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே காணொளி அழைப்பு கட்டாயம். அனுப்பிவைத்த காணொளி போதாது, நேரலையில் பேச வேண்டும். பேசும்போதே கைபேசியைத் திருப்பி முழு இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். தாய் குட்டிகளோடு இருக்க வேண்டும், அதன் மடி பால் கொடுத்ததுபோல் தொங்கியிருக்க வேண்டும். குட்டிகள் அதை 'அம்மா' என்று தேடிப் போகின்றனவா, தாய் அவற்றைச் சகித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அடுத்து, நீங்கள் கேட்கிற குட்டியைத் தரையில் விட்டு நடக்கவிடச் சொல்லுங்கள். ஒரு பேனாவைத் தரையில் போட்டால் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு, பிறகு என்னவென்று எட்டிப் பார்க்க வரும் குட்டி நல்ல குட்டி. திடுக்கிட்டதோடு மூலையில் ஒடுங்கிவிட்டால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள், அன்று தூக்கக் கலக்கமாகவும் இருந்திருக்கலாம்.

வாரம் ஒரு முறையாவது, முன்கூட்டித் திட்டமிடாத நேரத்தில் அழையுங்கள். விளம்பரப் படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், அதே படம் வேறு ஊரில் வேறு பெயரில் இருந்தால் தெரிந்துவிடும். தடுப்பூசி போட்ட மருத்துவமனையின் எண்ணை வளர்ப்பவரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து, பேசி உறுதி செய்யுங்கள். 'இன்னும் மூணு பேர் கேக்கிறாங்க, இன்னைக்கே பணம் போடுங்க' என்று அவசரப்படுத்தினால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 அன்று, முதல் ஊரடங்கு தொடங்கி இரண்டே வாரத்தில், 'லூசி சட்டம்' நடைமுறைக்கு வந்தது. குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, வாங்குபவர் அது பிறந்த இடத்திலேயே தாயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். லூசி என்பது குட்டி உற்பத்திக் கூடம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட ஒரு கேவலியர் ஸ்பேனியல் நாயின் பெயர். திரும்பத் திரும்பச் சினையாக்கப்பட்டு உருக்குலைந்திருந்தது. உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தாயைக் காட்டாததற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், இந்தக் காலத்தில் அதைச் சொல்வதற்குக் கொரோனா என்ற சாக்கு வசதியாகக் கிடைத்தது.

பாதி வழியில் சந்தித்துக் குட்டியைக் கைமாற்றலாம் என்கிறார். சரியா?

எல்லை தாண்ட அனுமதி இல்லாதபோது நேர்மையானவர்களும் இதைச் செய்தார்கள். ஏமாற்றுக்காரர்களும் இதைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் குட்டி எங்கிருந்து வந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்னபடி பல முறை நேரலையில் பார்த்து, தாயைப் பார்த்து, மருத்துவரிடம் பேசி உறுதி செய்திருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அன்று காலை வண்டியில் ஏற்றும் முன் குட்டியைத் தாயோடு சேர்த்து ஒரு முறை நேரலையில் காட்டச் சொல்லுங்கள். மீதிப் பணம் குட்டி கைக்கு வந்த பிறகுதான்.

என்னென்ன தாள்கள் வாங்க வேண்டும்?

தடுப்பூசி அட்டை, அதில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். பூச்சி மருந்து கொடுத்த தேதிகள். மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண், உரிமை மாற்றும் படிவம். வம்சாவளிச் சான்று உள்ள இனம் என்றால் அது. குட்டிக்குப் பிறவிக் கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்று இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு கடிதம். இவை எல்லாவற்றின் படத்தையும் முந்தின நாளே வாங்கிப் படித்துவிடுங்கள். வாசலில் முகக்கவசத்தோடு நின்று அவசரமாகப் படிக்கும்போது கண்ணில் படாமல் போகும்.

யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமா? விமானம்?

என்னால் முடிந்தவரை 'வேண்டாம்' என்றே சொல்வேன். வாகனத்தில் பல குட்டிகளை ஏற்றி ஊர் ஊராக இறக்கிக்கொண்டு போகிறவர்களிடம், ஒரு குட்டிக்குப் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரும். விமானத்தில் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன, அவற்றுக்கு வெப்பத்தில் மூச்சுத் திணறும் என்பதால். பெருந்தொற்றுக் காலத்தில் விமானம் கடைசி நேரத்தில் ரத்தாவது சாதாரணம். கூண்டில் அடைத்த குட்டி விமான நிலையத்தில் காத்துக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் பொறுத்து நீங்களே போவது மேல்.

குட்டியிடமிருந்து எங்களுக்குக் கொரோனா வருமா?

அந்த வாய்ப்பு மிகக் குறைவு. 2020 பிப்ரவரி கடைசியில் ஹாங்காங்கில், நோய் கண்ட ஒருவரின் வயதான பொமரேனியன் நாய்க்குப் பரிசோதனையில் லேசாக வைரஸ் தெரிந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு உலகமே பயந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில், மனிதரிடமிருந்து நாய்க்குத் தொற்றலாம், ஆனால் நாய் அதை எளிதில் பரப்புவதில்லை என்று தெரிந்தது. பூனைக்கும் மிங்க் என்ற கீரி போன்ற விலங்குக்கும் தொற்றும் அளவுக்குக்கூட நாய்க்குத் தொற்றுவதில்லை.

குட்டியை வாங்கியதும் கிருமிநாசினியால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் குட்டியின் தோலை எரிக்கும். நக்கினால் உடலுக்குள் போய் விஷமாகும். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். உங்கள் கையில் சானிடைசர் போட்டிருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு குட்டியைத் தொடுங்கள்.

வாசலில் வாங்கும்போது எப்படி நடந்துகொள்வது?

பேச வேண்டியதை எல்லாம் முதல் நாளே தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள். பணத்தையும் தாளையும் பற்றி முன்பே பேசி முடித்துவிட்டால் வாசலில் வேலை பத்து நிமிடம்தான். நீங்கள் கொண்டுபோன பயணக்கூடையைத் திறந்து வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றால், வளர்ப்பவரே குட்டியை உள்ளே விடுவார். பழகின கை விடும்போது குட்டி திமிராது.

செருப்பைக் கழற்றச் சொன்னால் தவறாக நினைக்காதீர்கள். அவர் வீட்டில் மற்றக் குட்டிகள் இருக்கின்றன, செருப்பில் ஒட்டி வருவது கொரோனாவைவிட அவருக்குப் பெரிய ஆபத்து.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மா குட்டியோடு ஒரு பழைய பருத்தித் துணியையும் கூடைக்குள் வைத்தார். பிரசவத்திலிருந்து தாய் நாய் படுத்திருந்த துணி. பழுப்பேறி, முடி ஒட்டி, ஓரம் கடிபட்டு இருந்தது. 'பாக்க அழுக்கா இருக்கும். ஆனா தொவச்சுடாதீங்க. ராத்திரிக்கு இதுதான் அவளுக்கு அம்மா' என்றார். முகக்கவசத்துக்கு மேல் அவர் கண் கலங்கியிருந்தது. ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் தர முடியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார்.

காரில் குட்டியை எங்கே, எப்படி வைப்பது?

முடிந்தால் இரண்டு பேர் போங்கள், ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னிருக்கையில் குட்டியோடு. என் அண்ணன் மகள் பின்னால் உட்கார்ந்து, கூடைக்குள் கையை விட்டபடியே வந்தாள். வண்டியில் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி என்றால், கூடையை இருக்கை வாரால் இறுக்கிக் கட்டி, ஓட்டுநருக்குக் குறுக்குவாட்டில் பின்னிருக்கையில் வையுங்கள். முன்னிருக்கையில் காற்றுப்பை இருக்கும், அங்கே வேண்டாம். ஓட்டுபவர் மடியில் வைக்கவே வேண்டாம். பிரேக் மிதியின் கீழ் நழுவி விழும் அளவுக்குத்தான் எட்டு வாரக் குட்டி இருக்கும்.

காரில் தனியாக விட்டுவிட்டுக் கழிப்பறைக்குக்கூடப் போகாதீர்கள். வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தாலே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். குட்டிக்கு உடல் சூட்டை இறக்கும் திறன் குறைவு. ஒருவர் மட்டும் போகும் பயணத்தில் இதுதான் பெரிய சிக்கல், எனவே நிறுத்தும் இடங்களில் கூடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும்படி சிறிய கூடையாக வாங்குங்கள்.

வழியில் சாப்பாடு? வாந்தி எடுத்தால்?

கிளம்புவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு தரச் சொல்லுங்கள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் தண்ணீர். வாந்தி எடுப்பது சகஜம், உடல் நிலைப்பாட்டை உணரும் உள்காது குட்டிக்கு இன்னும் முழுதாக வளராததால் வருவது. வாந்திக்கு முன் எச்சில் ஒழுகும், அடிக்கடி விழுங்கும், கொட்டாவி விடும். அந்த அடையாளம் தெரிந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி, ஓரம் கட்டி, காற்று வரவிடுங்கள். மனிதருக்கான வாந்தி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

மிகச் சிறிய இனக் குட்டி என்றால் நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது, ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். துவண்டு, நடுங்கி, நிற்க முடியாமல் தள்ளாடினால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே அருகிலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கிளம்பும் முன்னரே, வழியில் எந்தெந்த ஊரில் மருத்துவமனை திறந்திருக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் பாதி மூடியிருக்கும்.

சிறுநீர், மலம் கழிக்கச் சாலையோரத்தில் இறக்கிவிடலாமா?

இறக்கிவிடக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள்.

கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்த காலத்தில், குட்டிக்கு உண்மையான எமன் பார்வோ என்பது பலருக்கு நினைவில் இல்லாமல் போனது. 1978இல் உலகம் முழுவதும் திடீரெனப் பரவி எண்ணற்ற நாய்களைக் கொன்ற வைரஸ் அது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது, சோப்பு பட்டால் அந்த உறை கரைந்து வைரஸ் செத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பும் சானிடைசரும் அதைக் கொல்லாது. நோயுள்ள நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில், நிழலான இடமென்றால் ஒரு வருடம்கூட உயிர்ப்போடு கிடக்கும். எல்லா வண்டிகளும் நிற்கும் சாலையோர ஓய்விடத்தில், ஊர் ஊராகப் போகும் நாய்கள் எல்லாம் கால் வைத்த புல்லில், தடுப்பூசி முடியாத குட்டியை விடுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

உறிஞ்சும் விரிப்புகள் நிறைய கொண்டு போங்கள். காரின் பின்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் விரிப்பைப் போட்டு அங்கேயே போகவிடுங்கள். பழைய செய்தித்தாளும் போதும். வளர்ப்பவர் வீட்டில் நனைந்த தாள் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி விரிப்பின்மேல் வைத்தால், வாசனை பிடித்துக் குட்டி சட்டென்று புரிந்துகொள்ளும். நாங்கள் மூன்று முறை நிறுத்தினோம், மூன்றாம் முறைதான் எங்கள் குட்டி பொம்மி போனாள். அதுவரை விரிப்பின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் செருப்பை வெளியே விடுங்கள். தரையைச் சுத்தம் செய்ய, வீட்டில் வெண்மையாக்கப் பயன்படும் பிளீச்சிங் கரைசலில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் பார்வோ சாகும். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும், பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காய்ந்த பிறகு குட்டியை விடுங்கள்.

வழியெல்லாம் அழுதால்?

முதல் அரை மணி நேரம் அழும். பேசிக்கொண்டே இருங்கள், குரல் தாழ்ந்து இருக்கட்டும். கூடையின் மேல் மெல்லிய துணியைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலான குட்டிகள் தூங்கிவிடும். பாட்டுச் சத்தம், ஹாரன், ஒவ்வொரு பத்து நிமிடமும் கூடையைத் திறந்து கொஞ்சுவது எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும்.

முதல் இரவு எங்கே படுக்கவைப்பது?

உங்கள் கட்டில் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். தனி அறையில் விட்டு அழவிட்டால் பழகிவிடும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பிறந்ததிலிருந்து தாயின் சூட்டில் படுத்த உயிர், ஒரே நாளில் தாய், கூடப் பிறந்தவை, வீடு, வாசனை எல்லாவற்றையும் இழந்து வந்திருக்கிறது. பயத்தில் கத்துவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கவைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். அழுதால் கூடைக்குள் விரலை விட்டாலே போதும்.

வளர்ப்பவர் கொடுத்த அதே தீனியை ஒரு வாரமாவது தொடருங்கள். ஊரடங்கில் அது கிடைக்காமல் போகலாம் என்பதால், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை அவரிடமே வாங்கி வருவது நல்லது. பிறகு புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்றலாம்.

மருத்துவமனையில் அவசரம் தவிர வேறு பார்ப்பதில்லை என்கிறார்கள். தடுப்பூசி தள்ளிப் போனால்?

குட்டித் தடுப்பூசியை அவசரமாகத்தான் கருத வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் கேட்டுக்கொண்டார்கள். தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, சில வாரங்கள் தடுப்பூசியையே வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் அல்லது அதற்கு மேல் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறது உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம். 'ரெண்டு ஊசி போட்டாச்சு' என்று நடுவில் நிறுத்துவதுதான் தவறு. சில நாள் தாமதமானால் பாதகமில்லை, கடைசி ஊசி 16 வாரத்துக்குப் பிறகு விழுந்ததா என்பதைப் பாருங்கள். வெறிநோய் ஊசி இதற்குத் தனி, பெரும்பாலும் 12 வாரத்துக்கு மேல்.

மருத்துவமனை வாசலில் குட்டியை வாங்கிக்கொண்டு உங்களை வெளியே நிறுத்தினால், கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கூடையோடு அனுப்புங்கள். தாய் படுத்திருந்த அந்தத் துணியின் ஒரு துண்டும் கூடவே போகட்டும்.

யாரும் வீட்டுக்கு வர முடியாது, வெளியே போக முடியாது. குட்டி எப்படி உலகத்தைப் பழகும்?

இதைத்தான் பலரும் கோட்டை விட்டார்கள். ஊசி முடியட்டும், ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருந்து, குட்டிக்கு ஐந்து மாதமானபோது அது மனிதர்களைப் பார்த்தே குலைத்தது. 12 வாரக் கதவு அதற்குள் மூடிவிட்டது.

தரையில் விடக் கூடாது என்பதற்காக வெளியே கொண்டுபோகவே கூடாது என்று பொருளில்லை. தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். வண்டி, சைக்கிள், குடை, தடி ஊன்றி நடப்பவர், குழந்தைகள், பறவை, மழை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்க்கட்டும், ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் வாய்க்கு ஒரு சின்னத் தின்பண்டம். வீட்டில் இருப்பவர்களே தொப்பி, கண்ணாடி, மழைக்கோட்டு போட்டு வேறு ஆளாக வாருங்கள். தொடர்ந்து பழக்குங்கள், ஆனால் பயந்தால் உடனே தூரத்தைக் கூட்டுங்கள், இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டாம்.

முகக்கவசத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பொம்மி வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். முகக்கவசத்தோடு இருந்தவரைக்கும் வாலாட்டினாள். தண்ணீர் குடிக்க அவர் அதை இறக்கியதும், ஒரு முழு வாயும் மூக்கும் தெரிந்ததும், என் காலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்து உறுமினாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த அந்நியர் எல்லாம் பாதி முகத்தோடு வந்தவர்கள். அன்றிலிருந்து நாங்கள் தினமும் முகக்கவசத்தைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக் காட்டினோம், கழற்றும்போது தீனி. பத்து நாளில் சரியானது.

எல்லோரும் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம். குட்டிக்கு அது நல்லதுதானே?

முதல் ஒரு வாரம் மிகவும் நல்லது. அதற்கு மேல், தனிமையை மருந்து போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பும் நாளில், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்து பழகாத நாய் கதவைப் பிறாண்டி நகம் உடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்து தூக்கம் வரும் நேரத்தில் அடுத்த அறைக்குப் போய் ஒரு நிமிடத்தில் வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு குப்பை போட வெளியே போய் வருவது. போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். அழத் தொடங்கும் முன் திரும்பி வருவதுதான் சூட்சுமம்.

வந்த சில நாளில் சாப்பிடாமல் படுத்தே இருக்கிறது. பயண அலுப்பா?

முதல் நாள் சாப்பாடு குறைவது அலுப்பு. இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை, அல்லது வாந்தியோடு ரத்தம் கலந்த, குமட்டும் நாற்றமுள்ள பேதி என்றால் காலை வரை பொறுக்காதீர்கள். பார்வோ தொற்றி 3 முதல் 7 நாளில் பெரும்பாலும் தெரியும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். குட்டிகள் நீர் வற்றியே சாகின்றன, சீக்கிரம் மருத்துவமனையில் நரம்பு வழி நீர் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கும். வளர்ப்பவருக்கும் உடனே சொல்லுங்கள். சண்டைக்காக வேண்டாம், அங்கே மீதிக் குட்டிகள் இருக்கின்றன.

அந்தத் துணியை எப்போது துவைக்கலாம்?

குட்டி அதைத் தேடாமல் தூங்கத் தொடங்கியதும். பொம்மிக்குப் பதினோரு இரவு ஆயிற்று. பன்னிரண்டாவது இரவு துணியைக் கூடையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, என் கைப்பக்கமாக மூக்கை வைத்துப் படுத்திருந்தாள். மறுநாள் காலை துணியைப் படமெடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் துவைத்தேன்.